உபயம்: அனுசியா குடும்பத்தார்

05.02.2024, திங்கள்

அரிசி மண்டிக்காரர் கொடுத்த டைரி ஒரு மாதமாகக் கல்லாவுக்குள் சும்மா கிடந்தது. மஞ்சள்தூள் கறை வேறு பட்டுவிட்டது. இன்றைக்கு எழுத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது: என் வீடு சைக்கிள் கடை ஆகப்போகிறது.

நேற்று வியாபாரிகள் சங்கக் கூட்டம். டிசம்பர் வெள்ளத்தில் உப்பளத்துப் பெண்களின் சைக்கிள்கள் போய்விட்டன. சிலது தண்ணீரோடு போனது, சிலது சேற்றில் கிடந்து துருப்பிடித்துப் போனது. இப்போது அளத்தில் வேலை ஆரம்பித்துவிட்டதால் விடியுமுன் எழுந்து நடந்தே போகிறார்களாம். இந்த முத்தையாபுரத்தில் எந்த வீட்டைத் திறந்தாலும் ஒரு சைக்கிள் யாருக்கும் வேண்டாமல் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது, பையன் பைக் வாங்கியதும் ஓரங்கட்டியது. அதையெல்லாம் வாங்கிச் சரிபார்த்து அந்தப் பெண்களுக்குக் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னாராம். அந்த ஒருவர் என் வீட்டுக்காரர்தான். வீட்டு முகப்பில் எங்கள் மளிகைக் கடை; வெளியே போர்டில் பால்துரை ஸ்டோர் என்று அவர் பெயர் இருக்கிறது. உள்ளே வேலையெல்லாம் எனக்கு.

வந்தவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஒன் கையெழுத்து நல்லாருக்கும். ரெஜிஸ்டர் நீ எழுதுதியா?" எழுதுகிறேன் என்றேன். கை கழுவப் போகும்போது மாடிப்படிக்குக் கீழே ஒரு தரம் பார்த்தார். அங்கே சாக்கு போட்டு மூடி ஒரு சைக்கிள் நிற்கிறது.  

09.02.2024, வெள்ளி

பதினான்கு வந்திருக்கிறது. ஓட்டக்கூடியது ஒன்றுகூட இல்லை.

இந்த ஊரில் தர்மம் செய்கிற அழகைப் பார்க்க வேண்டும். பழைய இரும்புக்காரன் வேண்டாம் என்று விட்டுப்போனதை எல்லாம் நம் வாசலில் சாத்திவிட்டு, பெயரை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். பாத்திரக்கடை அண்ணாச்சி கொடுத்ததில் சீட் இல்லை, ஒரு பெடல் இல்லை. ஆனால் அவர் பெயரோடு அப்பா பெயர், தாத்தா பெயர், கடை பெயர், ஏரல் ஊர்க் கிளையின் பெயர் எல்லாம் வர வேண்டுமாம். கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதி எழுதி வெளிச்சமே வராமல் ஆக்கின ஆட்கள், சைக்கிளைச் சும்மா விடுவார்களா? செயின் கார்டில் எழுதித் தருவது என்று சங்கத்தில் முடிவாகிவிட்டது. பெயிண்டர் செந்தூர்வேலிடமும் சொல்லியாயிற்று.

இடுப்பு வலிக்கிறது. முற்றத்தில் நடக்க இடமில்லை.

13.02.2024, செவ்வாய்

ரிப்பேருக்கு வந்த சைக்கிள் கடைக்காரர் கேட்டுவிட்டார்: "அக்கா, படிக்குக் கீழ நிக்கதும் லிஸ்ட்ல உண்டா?"

இல்லை என்றேன். சொன்ன வேகத்தில் அந்த மனுஷர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். பிறகு பாவமாக இருந்தது. காபி போட்டுக் கொடுத்தேன்.

அது சரண்யாவுடையது. என் மகள் சரண்யாதேவி. ஒரே பிள்ளை. ஒன்பதாம் வகுப்பில் வாங்கிக் கொடுத்த சிவப்பு லேடீஸ் சைக்கிள். பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போனாள், டியூஷனுக்கு அதில்தான் போனாள், காலேஜ் பஸ் ஏற நிறுத்தம் வரைக்கும் அதில்தான். 2021 செப்டம்பரில் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டுப் போனவள் வீட்டுக்கு வரவில்லை. நம் கடைக்கு உப்பு மூட்டை இறக்க வரும் தனராஜோடு போய்விட்டாள். ஊர் அவன் சாதியைச் சொல்லிப் பேசியது. நான் ஊரைவிட மோசமாகப் பேசினேன். இந்த டைரியில் யாரிடம் மறைக்கப்போகிறேன்?

பதினோரு நாள் கழித்து இரண்டு பேரும் வந்தார்கள். கழுத்தில் மஞ்சள் கயிறு. அவன் தெருவிலேயே நின்றுகொண்டான். அவள் மட்டும் நடைப்படி வரை வந்தாள். இவர் எழுந்து அவளிடம் போகப் பார்த்தார். நான் கையை நீட்டி மறித்தேன். அவள் அழவில்லை, காலில் விழவில்லை, நகை கேட்கவில்லை. இவர் நிறுத்தத்திலிருந்து கொண்டுவந்து உள்ளே நிறுத்தியிருந்த சைக்கிளைப் பார்த்துவிட்டு, "அதையாவது எடுத்துக்கிடட்டுமாம்மா? வேலைக்குப் போவ ஒதவும்" என்றாள்.

"இந்த வீட்ல ஒனக்குன்னு ஒரு சாமானும் கெடையாது." நான் சொன்னது.

சொல்லிக் கதவைச் சாத்தினேன். அன்றைக்கு எனக்கு ரொம்பப் பெருமையாகக்கூட இருந்தது. திருப்பூர் போய்விட்டார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சாக்கைப் போட்டு மூடியதும் நான்தான்.

20.02.2024, செவ்வாய்

பிச்சம்மாள் பட்டியல் கொண்டுவந்தாள். உப்பளத்துப் பெண்களுக்கு எது என்றாலும் அவள்தான் முன்னால் நிற்பாள். இருபத்திரண்டு பெயர். கடைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து அவள் வாசிக்க, நான் ரெஜிஸ்டரில் எழுதினேன். பதினாறு வரைக்கும் நன்றாகத்தான் எழுதினேன்.

பதினேழு. சரண்யாதேவி, க/பெ தனராஜ்.

எழுதினேன். பேனா நிற்கவில்லை. இப்போது ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தால் அந்த வரியும் மற்ற வரிகள் மாதிரியே அழகாகத்தான் இருக்கிறது. எப்படி முடிந்தது?

இவர்கள் எப்போது வந்தார்கள் என்று, யாரோ தெரியாத ஆளைக் கேட்கிற மாதிரி கேட்டேன். பிச்சம்மாளுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் அவளும் தெரியாத ஆளுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னாள். திருப்பூரில் சுமை தூக்கும்போது தனராஜுக்கு முதுகுத் தண்டில் அடி. தீபாவளிக்கு முன்னால் அவன் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவனால் குனிய முடியாது. அவள் அளத்துக்கு வருகிறாள், உப்பு சுமக்க. நாலு கிலோமீட்டர் நடை.

"கைப்பிள்ளைய மாமியாகாரி பாத்துக்கிடுதா" என்றாள் கடைசியில்.

கைப்பிள்ளை.

ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்கவில்லை. பதினெட்டாவது பெயரைச் சொல்லு என்றேன்.

21.02.2024, புதன்

ரெஜிஸ்டரை அவர் முன்னால் திறந்து வைத்தேன். கண்ணாடி போட்டு வாசித்தார். பதினேழில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார்.

பிள்ளை பிறந்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

தெரியுமாம். பிறந்த அன்றைக்கே தெரியுமாம். லாரி டிரைவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒரு வருஷத்துக்கு மேல் இந்த மனுஷர் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், கல்லாவில் இருந்திருக்கிறார், பண்டிகைக்குத் துணி எடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏன் சொல்லல?"

"ஒங்கிட்ட எப்படிளா சொல்லுவேன்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். என் வீட்டில் எல்லோரும் எனக்குப் பயந்துதான் இருந்திருக்கிறார்கள். நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

25.02.2024, ஞாயிறு

சாக்கை எடுத்தேன். உள்ளே ஒரு பல்லி முட்டை வைத்திருந்தது. டயர் இரண்டும் வெடித்துப் போயிருந்தன. வெள்ளத்தில் அரைச்சக்கரம் வரை தண்ணீர் நின்றதே.

சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டு, இதுவும் லிஸ்டில் உண்டு, பதினேழாம் நம்பருக்கு என்றேன். மற்ற சைக்கிளுக்கெல்லாம் உள்ளதை ஒட்டி உள்ளதை முறுக்கினால் போதும். இதற்கு டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, பெல் எல்லாம் புதுசு போடச் சொன்னேன். பின்னால் குழந்தை உட்கார ஒரு சின்ன இரும்பு சீட் பூட்டச் சொன்னேன். பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டார். ஒன்றரை இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். பேரப்பிள்ளையின் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்கிற பாட்டி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மத்தியானம் முழுக்கத் துடைத்தேன். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் துரு போகிறது. ஹேண்டில்பாரில் அவள் ஒட்டிய பூ ஸ்டிக்கர் பாதி இருந்தது. அதை எடுக்கவில்லை.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. அவள்தானே பெயர் கொடுத்திருக்கிறாள்? பால்துரை ஸ்டோரில்தான் சைக்கிள் சேர்க்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் பெயர் கொடுத்தாள் என்றால் என்ன அர்த்தம்? அவள் மனசு கொஞ்சம் இளகியிருக்கிறது. வேறு என்னவாக இருக்கும்?

02.03.2024, சனி

செந்தூர்வேல் காலையிலிருந்து எழுதினான். செயின் கார்டில் வெள்ளை பெயிண்டில், உபயம் என்று போட்டு, கொடுத்தவர் பெயர். வரிசையாக நிறுத்திவைத்ததும் முற்றமே தேர்தல் சுவர் மாதிரி ஆகிவிட்டது. பாத்திரக்கடை அண்ணாச்சிக்குச் செயின் கார்டு போதாமல் மட்கார்டிலும் எழுதியிருக்கிறான்.

சிவப்பு சைக்கிளுக்கு என்ன எழுத என்று கேட்டான்.

இவர் பக்கத்தில்தான் நின்றார். "அதுக்கு மட்டும் எழுத வேண்டாமே, அனுசியா."

நான் கேட்கவில்லை. எழுதாமல் கொடுத்தால் அப்பா கொடுத்தார் என்று நினைத்துக்கொள்வாள். அப்பாதானே இளகின மனசுக்காரர். நான் கொடுத்தேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? கதவைச் சாத்தினவளே திறக்கிறாள் என்று தெரிய வேண்டாமா? நேரில் நின்று தப்பு என்மேல்தான் என்று சொல்ல என் வாய்க்கு வராது. பிறந்ததிலிருந்து வந்ததில்லை. பெயராவது சொல்லட்டும் என்று நினைத்தேன்.

"உபயம்: அனுசியா குடும்பத்தார்" என்று எழுதச் சொன்னேன். குடும்பத்தார் என்றால் அவளும் சேர்த்திதானே. எழுத்து குண்டு குண்டாக, அழகாக வந்திருக்கிறது. செந்தூர்வேலுக்கு ஒரு பாக்கெட் முறுக்கு கொடுத்தேன்.

10.03.2024, ஞாயிறு

விழா முடிந்தது. இன்று எழுத முடியாது.

11.03.2024, திங்கள்

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிடும்.

கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மேடை, பேனர், மைக், வந்தவர்களுக்குப் பொன்னாடை. சைக்கிள்கள் மேடைக்குக் கீழே வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் சீட்டிலும் நம்பர் ஒட்டி. பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நான் முதல் வரிசையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சரண்யா கடைசியில்தான் வந்தாள். பிச்சம்மாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். முகம் கறுத்துப்போயிருந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது. பாதம் உப்புத் தண்ணீரில் வெடித்து வெள்ளை வெள்ளையாக... என் பிள்ளையின் பாதம். பள்ளிக்கூட ஷூவுக்குள் மணல் போனால்கூட அழுவாள்.

என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிச்சம்மாளிடம் என்னமோ கேட்டாள். திரும்பிப் போகப் பார்த்தாள். பிச்சம்மாள் விடவில்லை.

நம்பர் நம்பராகக் கூப்பிட்டார்கள். கொடுத்தவர் ஒரு பக்கம் ஹேண்டிலைப் பிடிக்க வேண்டும், வாங்குகிறவர் ஒரு பக்கம், போட்டோ. பதினேழு வந்தது. சங்கச் செயலாளர் மைக்கில், அன்னை அனுசியா அவர்கள் தம் திருக்கரங்களால் வழங்குவார்கள் என்றார். செயலாளர் புதுசாகக் குடிவந்தவர், அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

நான் போய் ஹேண்டிலைப் பிடித்தேன். அவளும் வந்தாள். வராமல் என்ன செய்வாள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாகிவிட்டது, அத்தனை பேரும் பார்க்கிறார்கள். போட்டோக்காரன், "அக்கா, கும்பிட்ட மாதிரி நில்லுங்க" என்றான். எல்லோரையும் அப்படித்தான் நிற்கச் சொன்னான்.

அவ கும்பிட்டா.

என்னைப் பாத்து என் பிள்ள கைய எடுத்துக் கும்பிட்டு நிக்கா. நான் இளிச்சிக்கிட்டு நிக்கேன். கையத் தட்டுதானுவ எல்லாரும்.

அதற்குப் பிறகுதான் குனிந்து செயின் கார்டைப் பார்த்தாள். வாசித்தாள். ஹேண்டில்பாரில் அந்தப் பாதி ஸ்டிக்கரைத் தொட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அன்னைக்கு மகளாக் கேட்டேன், நீங்க தரல. இன்னைக்கு இல்லாதவளா வந்து நின்னதும் தந்துட்டீங்க. என் சைக்கிள எனக்கே தருமம் போட்டுட்டீங்க."

கோபம் இல்லை குரலில். என்னை நீ, வா, போ என்று பேசினவள்தான் அவள். நேற்று நீங்க என்றாள், மரியாதையாக.

 எது சொல்ல வேண்டுமோ அது நேற்றும் வரவில்லை. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மண்டபத்தைவிட்டுப் போனாள். மற்ற பெண்கள் எல்லாம் ஏறி மிதித்துக்கொண்டு போனார்கள், சிரித்துக்கொண்டு, பெல் அடித்துக்கொண்டு. அவள் தெருக்கோடி வரைக்கும் தள்ளிக்கொண்டேதான் போனாள். வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போயிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். அவளுக்கு அது வேண்டியிருந்தது. நாலு கிலோமீட்டர் நடக்கிறவளுக்கு வேண்டாம் என்று சொல்லவா முடியும்?

12.03.2024, செவ்வாய்

அவர் சமைத்தார். நான் சாப்பிடவில்லை.

15.03.2024, வெள்ளி

சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டோ எல்லாம் வந்துவிட்டது. எங்கள் போட்டோவுக்குத்தான் அதிகக் கைதட்டல். "தாயுள்ளம் வாழ்க" என்று ஒருவர் போட்டிருக்கிறார். தெரிந்து போட்டாரா தெரியாமல் போட்டாரா தெரியவில்லை. எதுவானாலும் சரிதான்.

இவர் செயலாளரைப் போனில் கூப்பிட்டு அந்த ஒரு போட்டோவை எடுத்துவிடச் சொன்னார். காரணம் கேட்டிருப்பார் போல. "அது எங்க பொண்ணு" என்றார். இரண்டரை வருஷமாக இந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் போனில் மட்டும் அந்த போட்டோ இருக்கிறது. அழிக்க மனசில்லை. அவள் முகம் வேறு எந்தப் போட்டோவில் இப்படிக் கிடைக்கும் எனக்கு, இந்த வயதில், இந்தக் கறுப்போடு? கை கூப்பியிருக்கிறதை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு பார்க்கிறேன்.

20.03.2024, புதன்

பிச்சம்மாள் கடைக்கு வந்தாள். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கிறாள். ஸ்டூலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

சரண்யா பெயர் கொடுக்கவே இல்லையாம். பிச்சம்மாள்தான் கேட்காமல் எழுதியிருக்கிறாள். வெள்ளத்துக்குப் பிறகு யார் யாரோ உதவி கொடுத்தார்களே, அந்த மாதிரி வெளியூர்க்காரர்கள் கொடுக்கிறார்கள் என்று சொல்லி மண்டபம் வரைக்கும் கூட்டி வந்திருக்கிறாள். திருப்பூரிலிருந்து வந்தவளுக்கு இங்கே நடப்பது என்ன தெரியும்? அம்மாவும் பிள்ளையும் நேரில் பார்த்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாளாம். இப்போது அவளோடும் சரண்யா பேசுவதில்லை.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்மா. இப்படி ஆவும்னு தெரியாது" என்றாள்.

அவளை எப்படித் திட்ட? நானும் நல்லதுக்குத்தானே செய்தேன்.

சைக்கிளை ஓட்டுகிறாளா என்று கேட்டேன். ஓட்டுகிறாள். தினமும் அதில்தான் அளத்துக்கு வருகிறாள். செயின் கார்டில் மட்டும் ஒரு பழைய சேலைத் துணியைச் சுற்றிக் கட்டியிருக்கிறாளாம். எதற்கு என்று மற்ற பெண்கள் கேட்டதற்கு, கிரீஸ் பட்டு சேலை வீணாகிறது என்று சொன்னாளாம்.

என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று துணி கட்டினாளா, என் பெயரைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்று கட்டினாளா? இரண்டில் எது என்று தெரிந்தால் தூங்கிவிடுவேன்.

27.03.2024, புதன்

செந்தூர்வேலிடம் ஒரு பாட்டில் தின்னர் வாங்கினேன். பழைய துணி கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். இவரிடம் பிச்சம்மாளைப் பார்க்கப் போகிறேன் என்றேன். நம்பவில்லை. குடையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

துறைமுகச் சாலையைத் தாண்டி அந்தக் குடியிருப்பு. பத்துப் பதினைந்து வீடுகள். தகரம் போட்ட ஒற்றை அறை. தனராஜ் வாசலில் கட்டிலில் சாய்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு முயற்சி செய்தான். மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டு நம் கடைக்குள் ஓடிவருவானே, அந்த ஆள். எழுந்திருக்காதே என்று சைகை காட்டினேன். "வாங்க" என்றான். அவனுக்கு என்னைத் திட்ட எத்தனை இருக்கிறது. வாங்க என்றுதான் சொன்னான்.

அவன் அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். குழந்தை அவள் இடுப்பில். பெண் குழந்தை. இசக்கிப்பிரியா. ஒரு வருஷம் நாலு மாதம். இந்த மூன்றும் தெரிந்துகொள்ள நான் பஸ் ஏறி வர வேண்டியிருந்தது. கையை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பாட்டி என்று அவளைத்தான் எழுதுகிறேன். அவள்தானே வளர்க்கிறாள். மூலையில் நான் பூட்டச் சொன்ன சின்ன சீட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள், அதில் வெங்காயம் கிடந்தது.

பன்னிரண்டு மணிக்குமேல் சரண்யா வந்தாள். தலையில் துண்டு, முழங்கால் வரைக்கும் உப்பு. என்னைப் பார்த்ததும் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றாள். 

 போய் சைக்கிள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். துணிக்கட்டை அவிழ்த்தேன். தின்னரை நனைத்துத் தேய்த்தேன். முதலில் குடும்பத்தார் போனது. பிறகு என் பெயர். உபயம் மட்டும் போவேனா என்றது. அழுத்தித் தேய்த்ததில் கீழே இருந்த சிவப்பும் சேர்ந்து வந்து தகரம் தெரிந்தது. தெருவில் நாலைந்து பேர் வந்து நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். மண்டபத்தில் இருநூறு பேர் பார்த்தார்களே.

தேய்க்கும்போதுதான் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சக்கரத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். "அன்னைக்கே தந்துருக்கணும்ளா. தப்பு நான் செஞ்சது."

அவள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தேய்க்கும்போது சைக்கிள் சாயாமல் பிடித்துக்கொண்டாளா, சும்மா பிடித்திருந்தாளா, தெரியவில்லை. பிறகு, "வெயில் ஏறுது. கெளம்புங்க" என்றாள்.

கிளம்பினேன். கையெல்லாம் தின்னர் நாற்றம். சோப்புப் போட்டும் போகவில்லை.

28.03.2024, வியாழன்

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று நான் எப்படி நினைத்தேன்?

19.04.2024, வெள்ளி

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் இன்னும் நம் வீட்டு எண்ணில்தான் இருக்கிறது. என் பெயருக்கு அடுத்து. பதினெட்டு வயதுப் போட்டோ, இரட்டைச் சடை. பூத் ஏஜென்ட், "மக வரலையா?" என்று கேட்டார். வருவாள் என்றேன். ஆறு மணி வரைக்கும் இரண்டு தடவை அந்தப் பக்கம் நடந்து பார்த்தேன். வரவில்லை.

12.05.2024, ஞாயிறு

இவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் சாயங்காலம் எங்கேயோ போகிறார். இன்று சட்டையில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது, தோளில் எச்சில் காய்ந்திருந்தது.

அவரைச் சரண்யா உள்ளே விடுகிறாள். விடட்டும். அவர் அன்றைக்கும் எழுந்து போகத்தானே பார்த்தார்.

என்னைக் கேட்டாளா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டால் அவர் பொய் சொல்வார். சட்டையை வாங்கி ஊறப் போட்டேன். பிறகு அந்தத் தோள் பக்கத்தை மட்டும் தண்ணீரிலிருந்து எடுத்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.

22.06.2024, சனி

இன்று பதினொன்றரை மணிக்குச் சரண்யா கடைக்கு வந்தாள்.

சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு, ஆட்கள் நிற்கிற இடத்தில் வந்து நின்றாள். முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு முதலில் அவளைக் கவனிக்கப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சரி என்று வரிசைப்படியே விட்டேன். அந்த இரண்டு பேருக்கும் என்ன கட்டிக் கொடுத்தேன் என்று ஞாபகம் இல்லை.

அவர்கள் குடியிருப்புப் பக்கத்திலேயே ஒரு கடை இருக்கிறது. வழியில் இன்னும் இரண்டு. எல்லாம் திறந்துதான் இருந்தன, பிறகு விசாரித்தேன். எல்லாவற்றையும் தாண்டித்தான் வந்திருக்கிறாள்.

"இட்லி அரிசி ஒரு கிலோ தாங்க" என்றாள். அம்மா என்று சொல்லவில்லை. பணத்தை முதலிலேயே எடுத்துக் கல்லா மேல் வைத்துவிட்டாள்.

உள்ளே வா என்று சொல்லவில்லை நான். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அவள் கை ஓரத்தில் உப்பு அரித்த புண் இருந்தது. அதைப் பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. சாக்கைத் திறந்து அள்ளினேன். வழக்கமாக வருகிறவர்களுக்கு நிறுத்த பிறகு ஒரு கை கூட அள்ளிப் போடுவது என் பழக்கம். கை தானாகவே சாக்குக்குள் போய்விட்டது. கை நிறைய அரிசியோடு நின்றேன். பிறகு அதைச் சாக்கிலேயே விட்டுவிட்டேன்.

தராசில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. இரண்டு விரலால் கிள்ளி எடுத்தேன். சரியாக ஒன்று வந்ததும் கையை எடுத்துவிட்டேன். அவள் தராசில் அந்த எண்ணைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பையை என் பக்கம் நீட்டினாள்.